பழைய மென்பொருளின் மூலநிரலைத் திறந்துவிட்டால் நிறுவனத்துக்கு நன்றி சொல்ல வேண்டுமா?

பிட்டுக்குமண் கேட்டது:

வணக்கம். மென்பொருள் விடுதலை நாளுக்குக் கல்லூரியில் ஒரு மேசை ஒதுக்கியிருக்கிறார்கள். 'மூடிக்கிடந்து திறக்கப்பட்டவை' என்ற தலைப்பில் எம்எஸ்-டாஸ் (மைக்ரோசாஃப்டின் பழைய இயக்குதளம்) 1.25, 2.0, 4.00, ஜிடபிள்யூ-பேசிக், 6502 பேசிக் (இரண்டும் மைக்ரோசாஃப்டின் பழைய பேசிக் நிரல்மொழிப் பதிப்புகள்), டூம் விளையாட்டு, ஃபோட்டோஷாப் 1.0.1 எல்லாம் வைக்கலாம் என்று பேச்சு. சுவரொட்டி வாசகத்தில்தான் தகராறு. ஒரு தரப்பு 'திறந்துவிட்ட நிறுவனங்களுக்கு நன்றி' என்று போடச் சொல்கிறது. இன்னொரு தரப்பு 'காசு பார்க்க முடிந்த வரை பூட்டிவைத்து, பைசா பெறாது என்று ஆன பிறகு தூக்கிப்போட்டதற்கு நன்றி வேறயா' என்கிறது.

கேள்வி இரண்டு. நன்றி சொன்னால் எதற்குச் சொல்வது, எதற்குச் சொல்லக் கூடாது? அடுத்தது, டாஸ் 4.00-ஐ மாணவர்கள் கண்ணெதிரே மூலநிரலிலிருந்து பில்ட் செய்து (ஓடும் வடிவாகத் தொகுத்து), அதைக் கொண்டே கணினியை பூட் ஆக்கிக் காட்ட முடியுமா? இறக்கிவைத்த பிரதியில் என்மேக் (பில்டை நடத்தும் கருவி) ஓட்டினால் மேப்பர் அடைவில் அசெம்பிளர் (நிரலை இயந்திர மொழியாக்கும் கருவி) பிழை காட்டி நின்றுவிடுகிறது.

---

உரிமம்பார்:

முதலில் பட்டியலைச் சலிக்க வேண்டும். நீங்கள் எழுதியிருப்பவை எல்லாம் ஒரே சாதி இல்லை.

ஃபோட்டோஷாப் 1.0.1-ஐ எடுத்துவிடுங்கள். 2013-இல் கணினி வரலாற்று அருங்காட்சியகம் வழியாக அடோபி அதை வெளியிட்டது. 179 கோப்புகள், சுமார் 1,28,000 வரிகள், பெரும்பகுதி பாஸ்கல். ஆனால் அது படித்துப் பார்க்க மட்டும்தான். வணிகப் பயன்பாடு கூடாது, மறுபகிர்வு கூடாது. போதாததற்கு, அதற்குத் தேவையான ஆப்பிளின் மேக்ஆப் நிரல் நூலகம் அதில் இல்லை. அதனால் இறக்கி வைத்தாலும் கம்பைல் ஆகாது. மென்பொருள் விடுதலை நாளில் அதை வைத்தால் யாராவது பென்டிரைவில் கேட்பார்கள், நீங்கள் மறுக்க வேண்டிவரும். 2023-இல் வந்த ஆப்பிள் லிசா கணினியின் மூலநிரலுக்கும் இதே கதைதான்.

டாஸ் கதையில்தான் உரிமம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது தெரியும். 1.1-உம் (பின்னால் 1.25 என்ற எண்ணில் வந்தது இதுதான்) 2.0-உம் 2014 மார்ச்சிலேயே அதே அருங்காட்சியகத்தில் வந்தன. 'மைக்ரோசாஃப்ட் டாஸைத் திறந்துவிட்டது' என்று அப்போதே செய்தியும் ஓடியது. திறக்கவில்லை, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தது. ஆராய்ச்சிக்காக மட்டும் படிக்கலாம் என்ற அந்த உரிமத்தால் உபயோகம் இல்லாதது மட்டுமில்லை, உபத்திரவமும் இருந்தது. ஃப்ரீடாஸ் (டாஸுக்கு மாற்றாக ஆர்வலர்கள் எழுதிய கட்டற்ற இயக்குதளம்) மாதிரித் திட்டத்தில் நிரல் எழுதுகிறவர் அதைப் படித்துவிட்டால், அவர் எழுதுவது சொந்தச் சரக்கா, பார்த்து எழுதியதா என்ற கேள்வி வந்துவிடும். அதனால் அந்தப் பக்கமே போகாமலிருப்பது நல்லது என்ற நிலை.

2018 செப்டம்பரில் 1.25-உம் 2.0-உம் எம்ஐடி உரிமத்தில் (யாரும் மாற்றலாம், பகிரலாம் என்ற தாராள உரிமம்) கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளத்தில் ஏறியபோதுதான் நிலைமை மாறியது. எம்ஐடி உரிமம் ஃப்ரீடாஸின் ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தோடு ஒத்துப்போகும். ஃப்ரீடாஸ்காரர் தாராளமாகப் படிக்கலாம், வேண்டிய துண்டை எடுத்து ஒட்டவும் செய்யலாம். 4.00 வந்தது 2024 ஏப்ரலில், ஐபிஎம்மின் ஒப்புதலோடு.

ஆகவே என் கணக்கு இது: 2014-க்கு நன்றி இல்லை, 2018-க்கு உண்டு. நிரல் அதேதான், மாறியது உரிமக் கோப்பு ஒன்றுதான்.

டூமுக்கு ஒரு எச்சரிக்கை. 1997 டிசம்பரில் முதலில் வந்தபோது வணிகத்துக்குக் கூடாது என்ற உரிமம். ஜிபிஎல் ஆனது 1999-இல். இரண்டு பிரதிகளும் இணையத்தில் சுற்றுகின்றன, உரிமக் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு வையுங்கள். திறக்கப்பட்டது எஞ்சின் மட்டும். படங்கள், மேப்புகள், ஒலிகள் எல்லாம் அடங்கிய வாட் கோப்பு திறக்கப்படவில்லை. மேசையில் ஓட்டிக் காட்ட ஃப்ரீடூம் வாட் போட்டுக்கொள்ளுங்கள், அது முழுக்கக் கட்டற்றது.

இன்னொன்று, எம்ஐடி உரிமம் நிரலுக்குத்தான், பெயருக்கும் சின்னத்துக்கும் இல்லை. மாணவர்கள் மாற்றியமைத்த டாஸைப் பகிரலாம், அதற்கு எம்எஸ்-டாஸ் என்று பெயர் சூட்டி மைக்ரோசாஃப்ட் சின்னம் ஒட்டக் கூடாது.

---

செக்மென்ட்_ஆஃப்செட்:

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். முடியும். ஆனால் அப்படியே ஓட்டினால் நிற்கத்தான் செய்யும். காரணம் நிரலில் இல்லை, அதை கிட் என்ற பதிப்புப் பதிவுக் கருவிக்குள் ஏற்றிய விதத்தில்.

டாஸ் காலத்துக் கோப்புகள் கோட்பேஜ் 437 என்ற பழைய எழுத்துக் குறியாக்கத்தில் எழுதப்பட்டவை. கட்டம் வரையும் கோடுகளெல்லாம் 127-க்கு மேற்பட்ட ஒற்றை பைட்டுகள். வழியில் எங்கோ ஒரு கருவி இவற்றை இன்றைய குறியாக்கமான யுடிஎஃப்-8 என்று நினைத்துத் திறந்து சேமித்திருக்கிறது. செல்லாத பைட் ஒவ்வொன்றும் பதிலீட்டு எழுத்தாக, அதாவது இஎஃப், பிஎஃப், பிடி என்ற மூன்று பைட்டாக மாறிவிட்டது. திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கக் கோப்பை யுடிஎஃப்-8 என்று திறந்து சேமித்தவர்களுக்கு இந்தக் கறுப்பு வைரக் கேள்விக்குறிகளைத் தெரிந்திருக்கும். 70 எழுத்து அகலக் கட்டக்கோடு இப்போது 210 பைட். பழைய மாஸ்ம் அசெம்பிளருக்கு ஒரு வரிக்கு இத்தனை எழுத்துதான் என்ற வரம்பு உண்டு, அதைத் தாண்டியதும் பிழை. மேப்பர் அடைவில் உள்ள கெட்எம்எஸ்ஜி.ஏஎஸ்எம், செலக்ட் அடைவில் உள்ள செலக்ட்2.ஏஎஸ்எம், யுஎஸ்ஏ.ஐஎன்எஃப் ஆகிய மூன்றும்தான் முக்கியமாக அடிபட்டவை.

இதில் ஒரு வேடிக்கை. சி4, பிஎஃப் என்று அடுத்தடுத்து வரும் இரண்டு பைட் (கோடும் அதன் வலது மேல் மூலையும்) தற்செயலாகச் செல்லுபடியான யுடிஎஃப்-8 இரட்டை. அதனால் அவை மட்டும் சேதமில்லாமல் தப்பின. மற்றவற்றில் எந்த இடத்தில் எந்தக் கட்ட எழுத்து இருந்தது என்று இனி அந்தக் கோப்பை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, எல்லாமே ஒரே மூன்று பைட் ஆகிவிட்டன.

செய்ய வேண்டியது:

1. கிட்டில் இறக்கும் முன் ஆட்டோசிஆர்எல்எஃப் (வரிமுடிவைத் தானாக மாற்றும்) அமைப்பை ஃபால்ஸ் ஆக்குங்கள். வரிமுடிவை நாமே கையாள்வதுதான் பாதுகாப்பு.

2. மேலே சொன்ன மூன்று கோப்புகளில் இஎஃப்-பிஎஃப்-பிடி வரிசை இருந்தால், அதை ஒற்றை # குறியாக மாற்றுங்கள். பைத்தானில் செய்தால் கோப்பை பைனரி முறையில் திறக்க வேண்டும். டெக்ஸ்ட் முறையில் திறந்தால் பழைய சேதத்தின் மேல் புதுச் சேதம். இதன் விளைவாக நிறுவல் திரையின் கட்டங்கள் # வரிசையாகத் தெரியும். கர்னல் என்ற மையப் பகுதிக்கோ, கட்டளை வாங்கும் கமாண்ட்.காமுக்கோ பாதிப்பில்லை.

3. வரிமுடிவு. யுனிக்ஸ் பாணியில் எல்எஃப் என்ற ஒற்றை எழுத்து மட்டும் இருந்தால் பேட்ச் கோப்புகள் டாஸில் ஒழுங்காக ஓடாது. ஏஎஸ்எம், ஐஎன்சி, சி, ஹெச், பேட், மேக்ஃபைல் போன்ற உரைக் கோப்புகளை மட்டும் யுனிக்ஸ்2டாஸில் (வரிமுடிவை டாஸ் பாணிக்கு மாற்றும் கருவி) போடுங்கள். ஓபிஜே, லிப், இஎக்ஸ்இ பக்கம் போகவே கூடாது. கட்டுப்பாட்டு எழுத்து உள்ள கோப்பை அந்தக் கருவி பைனரி என்று நினைத்துத் தாண்டிவிடும். அந்தக் காலத்து உரைக் கோப்புகளில் கடைசியில் கன்ட்ரோல்-இசட் இருப்பது சகஜம். 'ஸ்கிப்பிங்' என்று வரும் வரிகளைக் கவனித்து, அவற்றுக்கு மட்டும் ஃபோர்ஸ் விருப்பத்தோடு மறுபடி ஓட்டுங்கள்.

4. டாஸ்பாக்ஸ் எமுலேட்டரில் (இன்றைய கணினியில் டாஸ் நிரல்களை ஓட்டுவது) மேல்மட்ட அடைவிலேயே மவுன்ட் செய்யுங்கள். அடைவு ஆழமானால் கருவிகளைத் தேடும் இடங்களைச் சொல்லும் 'பாத்' என்ற மாறி நீண்டு வெட்டுப்படும். செட்என்வி.பேட் கோப்பில் உள்ள பாதையை உங்கள் இடத்துக்கு ஏற்ப மாற்றி ஓட்டிவிட்டு என்மேக். அசெம்பிளரும் சி கம்பைலரும் டூல்ஸ் அடைவில் கூடவே கொடுத்திருக்கிறார்கள், வெளியே தேட வேண்டாம். ஃப்ரீடாஸில் செய்பவர்களுக்கு என்விரான்மென்ட் இடம் போதவில்லை என்று வந்தால், கான்ஃபிக் கோப்பின் ஷெல் வரியில் /இ:1024 சேர்த்தால் சரியாகிவிடும். டாஸ்பாக்ஸில் சைக்கிள்ஸ் என்ற வேக அமைப்பை மேக்ஸில் வைக்காவிட்டால் மாணவர்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

அந்த டூல்ஸ் அடைவுக்காகவே என் பங்குக்கு ஒரு நன்றி. ஜிடபிள்யூ-பேசிக்கில் அது இல்லை. 2020 மே மாதம் எம்ஐடி உரிமத்தில் வந்தது, 1983 பிப்ரவரி 10 தேதியிட்ட, 8088 செயலிக்கான அசெம்பிளி நிரல். ஆனால் அந்தந்தக் கணினித் தயாரிப்பாளர் எழுதிச் சேர்க்க வேண்டிய திரை, விசைப்பலகைப் பகுதிகள் கிடையாது, மேக்ஃபைல் கிடையாது, மூல வடிவிலிருந்து 8088-க்கு மாற்றிய மொழிபெயர்ப்பானும் கிடையாது. விடுபட்டதை ஆர்வலர்கள் புதிதாக எழுதிச் சேர்த்த ஃபோர்க்கில்தான் (கிளைப் பிரதி) ஓடுகிறது.

---

கூரைஓட்டை:

மேலே எல்லோரும் கண்ணியமாகப் பேசுகிறீர்கள். நான் இரண்டாம் தரப்பு.

ஃப்ரீடாஸ் அறிவிக்கப்பட்டது 1994-இல். எம்எஸ்-டாஸ் பயன்படும் உரிமத்தில் வந்தது 2018-இல். இடையில் 24 வருஷம். அதற்குள் கர்னல், கமாண்ட் ஷெல், கருவிகள் எல்லாவற்றையும் ஆட்கள் காசு வாங்காமல் உட்கார்ந்து மறுபடி எழுதி முடித்துவிட்டார்கள். பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு சாம்பார் வாளியோடு வருகிறவருக்கு எதற்கு மாலை?

அந்த இடைவெளியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2009 பிப்ரவரியில் ஃபேட் கோப்பமைப்பின் நீண்ட பெயர்க் காப்புரிமைகளைக் காட்டி டாம்டாம் மீது மைக்ரோசாஃப்ட் வழக்குப் போட்டது. அந்த நிறுவனம் லினக்ஸை வைத்து வழிகாட்டிக் கருவி செய்துகொண்டிருந்தது. மார்ச்சில் சமரசம் ஆனது. டாஸ் காலத்துக் கோப்பமைப்பின் மேல் ஒட்டவைத்த வித்தை ஒன்று, நிரலே தேவைப்படாமல் காசு வசூலிக்கப் போதுமாக இருந்தது.

பாராட்டியே ஆக வேண்டுமென்றால் 2019 ஆகஸ்டைப் பாராட்டுங்கள். ஃபேட்டுக்கு அடுத்து வந்த எக்ஸ்ஃபேட் கோப்பமைப்பின் விவரக்குறிப்பைப் பொதுவில் வைத்து, லினக்ஸ் கர்னலில் சேர்ப்பதற்கு ஆதரவும் சொன்னார்கள். 5.4 கர்னலில் முதல் டிரைவர் வந்தது, 2020-இல் 5.7-இல் சாம்சங் எழுதிய நல்ல டிரைவர் அதன் இடத்தைப் பிடித்தது. 64 ஜிபி எஸ்டி கார்டை லினக்ஸில் செருகினால் இன்று வம்பில்லாமல் திறக்கிறதே, அதற்கு அதுதான் காரணம். அதில் ஒரு வரி மைக்ரோசாஃப்ட் நிரல்கூட இல்லை. ஆனாலும் இன்னும் உயிரோடிருக்கும் ஒன்றின் மேல் இருந்த பிடியைத் தளர்த்தினார்கள். டாஸ் 4.00-ஐத் தந்ததில் அவர்கள் எதை இழந்தார்கள்? சுவரொட்டியில் அந்தக் கேள்வியைப் போடுங்கள்.

---

ஏட்டுச்சுவடி_8088:

கூரைஓட்டை, எக்ஸ்ஃபேட் விஷயத்தில் மறுபேச்சில்லை. ஆனால் 'எதை இழந்தார்கள்' என்பதை அளவுகோலாக வைத்தால் பழையது எதுவுமே வெளியே வராது. செத்த மென்பொருளை வெளியே எடுக்கச் செலவில்லை என்பதும் சரியில்லை. எழுதியவர் யார், வாங்கிச் சேர்த்தது எது, ஒப்பந்தத் தாள் எங்கே என்று வக்கீலை வைத்து வரி வரியாகப் பார்க்க வேண்டும். வருமானம் தராத வேலைக்கு உள்ளே எவராவது ஒருவர் விடாமல் நச்சரித்தால்தான் அது நடக்கும்.

டூமையே பாருங்கள். வெளியானது லினக்ஸ் பதிப்பு. டாஸ் பதிப்பில் இருந்த ஒலி நூலகம் வெளியாருடையது, அதைத் தர, டூமை எழுதிய ஐடி சாஃப்ட்வேருக்கு உரிமை இல்லை. 2011-இல் டூம் 3 வந்தபோது நிழல் வரையும் முறை ஒன்றின் மேல் கிரியேட்டிவ் நிறுவனத்தின் காப்புரிமை குறுக்கே நின்றது, அந்தப் பகுதியை ஐடியின் நிரலர் ஜான் கார்மாக் மாற்றி எழுதிக் கொடுத்த பிறகுதான் வெளியானது. ஐடியின் இன்னொரு விளையாட்டான குவேக் 1999-இல் ஜிபிஎல் ஆனபோது முதல் பதிப்பு வந்து மூன்றே வருஷம். பந்தி நடக்கும்போதே பரிமாறியது அது. நன்றி என்றால் அந்தப் பெயரை மேலே போடுங்கள்.

எப்படிச் செய்யக் கூடாது என்பதற்கு வின்ஆம்ப் என்ற பாட்டுக் கேட்கும் மென்பொருள். 2024 செப்டம்பரில் கிட்ஹப்பில் ஏற்றினார்கள். உரிமத்தில் மாற்றியமைத்த பதிப்பைப் பகிரக் கூடாது, ஃபோர்க்கே கூடாது என்று எழுதியிருந்தது. ஃபோர்க் என்பது கிட்ஹப்பில் எல்லோருக்கும் உள்ள பொத்தான்! உள்ளே டால்பி போன்ற பிறருடைய நிரலும், தங்களிடமே இருக்க வேண்டிய ஷவுட்காஸ்ட் சர்வர் நிரலும் கிடந்தன. கவனித்துச் சொன்னதும் கோப்புகளை அழித்தார்கள், அழித்தாலும் கிட் வரலாற்றில் அது இருக்குமே. அக்டோபரில் ரெப்போவே (கிட்ஹப்பில் இருந்த நிரல் வைப்பிடம்) காணாமல் போனது. வக்கீல் வேலையைத் தாண்டிக் குதித்தால் இதுதான்.

இஏ என்ற விளையாட்டு நிறுவனம் 2025 பிப்ரவரியில் கமாண்ட் அண்ட் காங்கர் வரிசையில் ரெட் அலர்ட், ஜெனரல்ஸ் உட்பட நான்கை ஜிபிஎல் 3-இல் கொடுத்தது. ரெட் அலர்ட்டின் ரீட்மீ கோப்பில் எது இல்லை என்பதை வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள்: டைரக்ட்எக்ஸ் 5 எஸ்டிகே, க்ரீன்லீஃப் தொடர்பு நூலகம், ஹெச்எம்ஐ ஒலி நூலகம். கம்பைல் செய்ய வாட்காம் 10.6 கம்பைலர், டாஸ்ம் 4.0 அசெம்பிளர் வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். தராததைத் தரவில்லை என்று ஒழுங்காக எழுதிவைப்பதே பாதி உதவி. எந்தத் துளையை எதைக்கொண்டு அடைப்பது என்று தெரிந்தால் ஆர்வலர்கள் அடைத்துவிடுவார்கள்.

டாஸ் 4.00 வெளியீட்டில் என் குறை வேறு. கிட் கோப்பின் பழைய தேதியைக் காப்பாற்றாது. 1988-இல் எந்தக் கோப்பு எப்போது கடைசியாக மாறியது என்பது வரலாற்று ஆராய்ச்சிக்கு நிரலுக்குச் சமமான தடயம். எழுத்துக் குறியாக்கச் சேதமும் அதே வழியில் வந்ததுதான். தேதியோடு ஒரு ஜிப் அல்லது வட்டின் இமேஜ் பக்கத்திலேயே போட்டிருந்தால் இரண்டு பிரச்சினையும் இல்லை. அதே வெளியீட்டில், மைக்ரோசாஃப்டின் முன்னாள் தொழில்நுட்பத் தலைவர் ரே ஓசியிடமிருந்து கிடைத்த மல்டிடாஸ்கிங் டாஸ் பீட்டாவை வட்டு இமேஜாகத்தான் கொடுத்தார்கள், ஆவணங்களையும் ஸ்கேன் செய்து சேர்த்தார்கள். வழி தெரியாமல் இல்லை.

---

பிட்டுக்குமண்:

எல்லோருக்கும் நன்றி. ஃபோட்டோஷாப்பை எடுத்தாயிற்று. செக்மென்ட்_ஆஃப்செட் சொன்னபடி மூன்று கோப்பையும் மாற்றியதும் பில்ட் கடைசி வரை போகிறது. ஆனால் புது எஸ்ஒய்எஸ்.காமை (வட்டை பூட் ஆகும்படி ஆக்கும் கருவி) டாஸ்பாக்ஸில் ஓட்டினால் டாஸ் பதிப்பு சரியில்லை என்கிறது. கோப்புகளை ஃப்ளாப்பி இமேஜில் நேரடியாகப் போட்டுப் பார்த்தால் 'நான்-சிஸ்டம் டிஸ்க்' என்று நிற்கிறது.

சுவரொட்டியில் 'நன்றி' வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை வைக்கலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். வெளியான வருஷம், திறந்த வருஷம், உரிமம், விடுபட்டது, பில்ட் ஆகுமா என்று ஐந்து வரி. 6502 பேசிக்குக்கு என்ன எழுதுவது?

---

செக்மென்ட்_ஆஃப்செட்:

டாஸ் 4.00-இன் எஸ்ஒய்எஸ், ஃபார்மட் இரண்டும் ஓடும் டாஸ் 4.00-தானா என்று பார்த்துவிட்டுத்தான் நகரும். டாஸ்பாக்ஸில் 'வெர் செட் 4 0' கொடுத்து ஏமாற்றலாம். ஆனால் எஸ்ஒய்எஸ் வட்டின் துறைகளை (செக்டர்களை) நேரடியாகத் தொடும், டாஸ்பாக்ஸின் மவுன்டில் அது எடுபடாது. அதனால் முதல் வட்டைக் கையால் செய்யுங்கள்.

எம்டூல்ஸ் என்ற கருவித்தொகுப்பில் 1.44 எம்பி இமேஜை எம்ஃபார்மட் செய்யுங்கள், பூட் அடைவில் உருவாகும் 512 பைட் பூட் துறையை அதற்குக் கொடுங்கள் (கடைசி இரண்டு பைட் 55, ஏஏ என்று இருக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள்). வால்யூம் லேபிள் வைக்காதீர்கள், வைத்தால் அது ரூட் அடைவின் முதல் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஐஓ.எஸ்ஒய்எஸ் முதலில், எம்எஸ்டாஸ்.எஸ்ஒய்எஸ் இரண்டாவது, அதற்கப்புறம் கமாண்ட்.காம். வரிசை மாறினால் நீங்கள் பார்த்த அதே செய்திதான் வரும், பூட் துறை முதல் இரண்டு இடங்களைத் தவிர வேறெங்கும் தேடாது. ஐபிஎம் பதிப்புக்கான ஸ்விட்சைப் போட்டு பில்ட் செய்திருந்தால் அது தேடும் பெயர் ஐபிஎம்பயோ.காம், ஐபிஎம்டாஸ்.காம். பெயர் பொருந்தாவிட்டாலும் நிற்கும்.

இந்த இமேஜை கியூஇஎம்யு எமுலேட்டரில் பூட் செய்து, இரண்டாவது டிரைவில் வெற்று இமேஜ் ஒன்றை வைத்து, புது ஃபார்மட்டை /எஸ் போட்டு ஓட்டுங்கள். மேசையில் ஓடவிட வேண்டியது அந்த இரண்டாவது வட்டு. தன் கருவியாலேயே தன்னைப் பிரதி எடுத்தது என்று காட்டலாம்.

---

உரிமம்பார்:

6502 பேசிக் அட்டைக்கு: பதிப்பு 1.1, கொமடோருக்காக 1978-இல் சேர்த்த திருத்தங்களோடு. திறந்தது 2025 செப்டம்பர், எம்ஐடி உரிமம், 6,955 வரிகள். ரியல்ஐஓ என்ற ஒரே ஸ்விட்சின் எண்ணை மாற்றினால் கிம்-1, ஓஎஸ்ஐ, கொமடோர் பெட், ஆப்பிள் என்று ஒரே கோப்பு ஒவ்வொரு கணினிக்கும் ஏற்றதாகிறது. விடுபட்டது என்ற வரியில் 'அசெம்பிளர்' என்று எழுதுங்கள். இது பிடிபி-10 கணினியின் மேக்ரோ-10 அசெம்பிளருக்காக எழுதியது, இன்றைய 6502 அசெம்பிளர் எதுவும் அப்படியே ஏற்காது. பிடிபி-10 எமுலேட்டர் வைத்திருந்தால் ஆகும், இல்லையென்றால் தொடரியலை மாற்றியெழுத வேண்டும். டாஸ் 4.00 அட்டையில் 'விடுபட்டது: கட்ட எழுத்துகள், கோப்புத் தேதிகள்' என்று மறக்காமல் போடுங்கள்.